முப்பத்தாறாம் எண் குழி

சங்கிலிமுத்து செருப்பைக் கழற்றியதை முதலில் கவனித்தது அவருடைய மகள் சினேகாதான்.

“யப்பா, இதென்ன கோயிலா? செருப்பக் கழட்டிப்போட்டு நிக்கீக?”

அவர் குனிந்து பார்த்தார். செருப்பு இரண்டும் நாலடி தள்ளி, மருந்து ரூம் வாசலில் கிடப்பது மாதிரியே ஒழுங்காக ஜோடி சேர்ந்து கிடந்தன. எப்போது கழற்றினோம் என்று அவருக்கே தெரியவில்லை. பதினெட்டு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற ரூமுக்குள் வெறுங்காலோடு நுழைந்து பழகிய கால். செருப்பில் ஒட்டிய மணல் ஒன்று தரையில் உரசினால் போதும், மருந்து பற்றிக்கொள்ளும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மனுஷன் மறந்தாலும் கால் மறக்கவில்லை.

“மண்ணு பொதபொதன்னு இருக்குத்தா. செருப்புல அப்பிக்கிடும்” என்று சமாளித்தார்.

மண் பொதபொதவென்று இல்லை. கட்டி தட்டிக் காய்ந்து கிடந்தது.

அன்றைக்கு 2006 அக்டோபர் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை. தீபாவளிக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான். சீசன் கொதித்துக்கொண்டிருந்தாலும் காந்தி ஜெயந்தி என்பதால் கம்பெனிகள் எல்லாம் லீவு. அதை உத்தேசித்துத்தான் நாரணாபுரத்துக்கு மேற்கே இரண்டு கல் தள்ளியிருக்கிற அந்த ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளியில் மரம் நட அந்த நாளைக் குறித்திருந்தார்கள். மொத்தம் ஐம்பது கன்று. கன்றுக்கும் அதைச் சுற்றி நிறுத்துகிற கம்பிக் கூண்டுக்கும் உபயம் சங்கரபாண்டியன். சங்கிலிமுத்து போர்மேனாக இருக்கிற கம்பெனியின் முதலாளி அவர். நட்டுக்கொடுக்க விருதுநகர்க் கல்லூரி ஒன்றிலிருந்து முப்பது மாணவர்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி முதலாளியின் மகள் ரோஷினி. சுடிதாரை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கையெல்லாம் மண்ணாக, குழிக்குக் குழி ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை. முதலாளி மகள் என்கிற வீம்பு மருந்துக்கும் கிடையாது.

ஏற்பாட்டை எல்லாம் பார்த்தவர் அறிவியல் ஆசிரியர் கனகசபாபதி. எதையும் எழுத்தில் வைக்காமல் செய்யமாட்டார். நீளவாக்கு நோட்டு ஒன்றில் குழி எண், இடம், மரத்தின் பெயர், மாணவர் பெயர், தண்ணீர் ஊற்றிய தேதி, குறிப்பு என்று ஆறு கட்டம் போட்டிருந்தார். குழிக்கு ஒரு தகரப் பலகை. அதில் எண்ணும் பிள்ளையின் பெயரும். கன்று செழித்தால் அந்தப் பிள்ளைக்குப் பெருமை, பட்டுப்போனால் அந்தப் பிள்ளைதான் பொறுப்பு.

சினேகாவுக்கு விழுந்தது முப்பத்தாறாம் எண். கிழக்குச் சுவர் ஓரம், கடைசியிலிருந்து இரண்டாவது. புங்கங்கன்று.

அந்த இடம்தான் சங்கிலிமுத்துவின் காலைச் செருப்பிலிருந்து இறக்கியது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், 2003 ஐப்பசியில், ஒன்பது நாள் விடாமல் மழை. கம்பெனியில் அன்றாடம் சிந்திச் சிதறிக் கூட்டி அள்ளுகிற கழிவு மருந்தை அன்றன்று சாயங்காலம் தள்ளியிருக்கிற எரிகுழியில் கொட்டிப் பக்குவமாக எரித்துவிட வேண்டும். சட்டம் அப்படி. சட்டத்தைவிட உயிர்ப்பயம் அப்படி. அந்த ஒன்பது நாளும் எரிக்க வழியில்லாமல் பதினாலு சாக்கு சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று தகவல். சங்கரபாண்டியன் சங்கிலிமுத்துவைக் கூப்பிட்டு, “எங்கனயாச்சும் கொண்டுபோயி மூடிரு. எங்கனன்னு எங்கிட்டச் சொல்லாத” என்றார்.

அப்போது பள்ளிக்கூடம் நடுநிலைப்பள்ளி. அதன் பின்னால் சீமைக்கருவேலம் அடைந்து கிடந்தது புறம்போக்கு. ஆடுகூட நுழையாத காடு. சங்கிலிமுத்து டிராக்டரில் வைக்கோலைப் பரப்பிச் சாக்குகளை ஏற்றிக்கொண்டுபோய், ஆளுயரக் கிடங்கு தோண்டவேண்டியதை மழை அவசரத்தில் பாதியோடு நிறுத்தி, வரிசையாக அடுக்கி மூடினார். ஈரம்பட்டால் சில மருந்து தானாகவே சூடேறும் என்பது தொழிலில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு சாக்கையும் பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றினார். காரியத்தைக் கச்சிதமாகச் செய்ததாக அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

2005-இல் பள்ளி உயர்நிலைப்பள்ளி ஆனது. புறம்போக்கைப் பள்ளிக்கு ஒதுக்கினார்கள். முள்ளை வெட்டி, சுவர் எழுப்பினார்கள். அஸ்திவாரம் தோண்டிய நாலு நாளும் சங்கிலிமுத்து வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கொத்தனார்களுக்கு டீ வாங்கிக்கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றார். அஸ்திவாரத்துக்கு வெட்டிய வானம் சரியாக மூன்று முழம் தள்ளிப் போனது. அவருக்கு உயிர் திரும்பி வந்தது. இனிமேல் இது பிள்ளைகள் ஓடியாடுகிற இடம், இதை யார் தோண்டப்போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

இப்போது தோண்டியிருந்தார்கள். ஆனால் ஒன்றரை அடி. சாக்குக்கு மேலே மூன்றடி மண் கிடக்கிறது. நடுவில் இன்னும் ஒன்றரை அடி மிச்சம். இந்தக் கணக்கை அன்றைக்கு மட்டும் அவர் இருபது தடவை போட்டுப் பார்த்திருப்பார். கணக்கு ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் வந்தது.

கன்று நட்டு ஒரு மாதம்வரை ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி மழை எல்லாக் கன்றையும் துளிர்க்க வைத்தது. கார்த்திகை பிறந்ததும் முப்பத்தாறாம் எண் கன்றின் இலை ஓரம் கருக ஆரம்பித்தது. தீயில் காட்டி எடுத்த காகிதம் மாதிரி, ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வந்தது. பக்கத்தில் முப்பத்தைந்தும் அப்படியே. ஆனால் முப்பத்தைந்துக்கு உரிய பாலகுருவின் குடும்பம் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டிருந்தது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பட்டது என்று கனகசபாபதி குறிப்புக் கட்டத்தில் எழுதினார். காரணம் விளங்கிவிட்டது. முப்பத்தாறுக்குத்தான் காரணம் விளங்கவில்லை. சினேகா நாள் தவறாமல் ஊற்றியதாகச் சொன்னாள். ஆசிரியர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘பராமரிப்புக் குறைவு’ என்று எழுதினார்.

டிசம்பர் முதல் வாரம் இரண்டாவது கன்று வைத்தார்கள். பள்ளி அடிபம்புத் தண்ணீர் உப்பாக இருக்கும், அதுதான் ஆகவில்லை என்று சினேகா தானாக ஒரு முடிவுக்கு வந்தாள். தெருக்குழாயில் நல்ல தண்ணீர் பிடித்து, பித்தளைக் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, காலையில் ஏழு மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தக் குடம் பெரிது. வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்துத்தான் போவாள்.

கம்பெனி வேன் ஏழே காலுக்கு வரும். வேன் நிற்கிற இடம் பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே. சங்கிலிமுத்து சாப்பாட்டுத் தூக்கோடு அங்கே நின்று, மகள் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுவதைத் தினமும் பார்த்தார். ஊற்றி முடித்து நிமிர்ந்ததும் அவள் அங்கிருந்தே கையை ஆட்டுவாள். அவரும் ஆட்டுவார். பிறகு வேனில் ஏறி, கண்ணை மூடிக்கொள்வார். கூட வருகிறவர்கள் போர்மேன் தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பொங்கலுக்கு முன்னாலேயே இரண்டாவது கன்றும் பட்டுவிட்டது.

அந்த ஊரில் கைராசி என்பது விளையாட்டான பேச்சு இல்லை. விதைப்புக்கு முதல் பிடி அள்ளிப்போடுகிற கை, தறியில் முதல் இழை கோக்கிற கை, தை பிறந்து புதுச் சீசனுக்கு முகூர்த்தம் பார்க்கிற அன்று முதல் பட்டாசைச் சுற்றுகிற கை என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். சினேகாவின் அம்மா பொன்மணிக்கு நல்ல கைராசி என்று பேர். இரண்டு வருஷமாகக் கம்பெனியில் முதல் உருட்டு அவள் கையில்தான். இந்த வருஷம் முகூர்த்தத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் வெள்ளந்தியாக வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். மகள் தொட்ட செடி இரண்டு தடவை கருகிவிட்டதாம், தாய்க்கும் மகளுக்கும் ஒரே ரத்தம்தானே என்று பெண்டுகள் பேசிக்கொள்கிறார்களாம்.

வகுப்பில் சினேகாவுக்குப் ‘பட்டமரம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் கொடுத்தால் முறுக்குக்கூட யாரும் வாங்குவதில்லை. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்து விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை சங்கிலிமுத்து கண்டார். என்னத்தா பார்க்கிறாய் என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்லப்பா, ரேகை” என்று மடக்கிக்கொண்டாள்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கனகசபாபதியைப் போய்ப் பார்த்தார்.

உள்ளதைச் சொல்லத்தான் போனார். பள்ளி வாசல்வரை வார்த்தையைக்கூட அடுக்கி வைத்திருந்தார். ஆனால் ஆசிரியர் எதிரில் நின்றதும் கம்பெனியும், போர்மேன் சர்டிபிகேட்டும், வேனில் ஏறுகிற நாற்பது பேரும், போலீஸ் ஸ்டேஷனும் வரிசையாக வந்து நின்றன. வாயில் வந்தது வேறு.

“சார், அந்த மூலையில அடியில பாறை இருக்கும்னு நெனக்கேன். அதான் வேரு எறங்கல. அந்தக் கன்ன வேற எடத்துல வச்சா என்ன?”

கனகசபாபதி நோட்டைத் திறந்து காட்டினார். முப்பத்தாறு கிழக்குச் சுவர் என்று மையில் எழுதியாகிவிட்டது. இடம் மாற்றினால் வரிசை கெடும், வரைபடம் கெடும். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, முகம் மலர்ந்தார்.

“பாறைதான் கோளாறுன்னா ஒடச்சிருவோம். நல்லவேளை சொன்னீங்க. இருபத்தாறாம் தேதி காலேஜ் பிள்ளைங்க கணக்கெடுக்க வர்றாங்க. நாலு கடப்பாரை கொண்டாரச் சொல்றேன். நாலடி ஆழம் எடுத்து, வண்டல் போட்டு வச்சிட்டா, அப்புறம் எப்படி வராமப் போகும்?”

தன் நாக்கே தனக்குக் குழி வெட்டிவிட்டதை சங்கிலிமுத்து நின்ற இடத்திலேயே உணர்ந்தார். வேண்டாம் சார், பாறையெல்லாம் இருக்காது, சும்மா ஒரு யோசனைதான் என்று எதையெதையோ சொல்லிப் பார்த்தார். ஆசிரியர் அதற்குள் தேதி போட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

ஜனவரி இருபத்தைந்து, வியாழக்கிழமை சாயங்காலம். சினேகா தகரப் பலகையைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துவந்து, மங்கிப்போயிருந்த பெயருக்கு மறுபடி வெள்ளைப் பெயிண்ட் பூசிக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கடப்பாரையால் முதல் குத்து அவளே குத்தலாம் என்று சார் சொல்லியிருக்கிறாராம். அவள் குழி இல்லையா, அவள்தான் தொடங்க வேண்டுமாம். மூன்று மாதத்தில் அந்தப் பிள்ளை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை.

இரும்புக் கடப்பாரை. கம்பெனிக்குள் இரும்பு ஆணி ஒன்று தரையில் கிடந்தால்கூட வேலையை நிறுத்தித் தேடி எடுக்கிற மனுஷன் அவர். மருந்து அள்ள மரக்கரண்டி, சலிக்கப் பித்தளைச் சல்லடை. அரைஞாணில் இரும்புச் சாவி கோத்து வந்த ஆளை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு சிவகாசிக்கு மிதித்தார். சங்கரபாண்டியன் அச்சாபீஸில் இருந்தார். பட்டாசு லேபிள்கள் அடுக்கியிருந்த மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு முதலாளி நிமிர்ந்து பார்த்தார். எங்கே என்று சொல்லாதே என்றுதானே அன்றைக்குச் சொன்னேன், இப்போது எதற்கு வந்து சொல்கிறாய் என்று முகம் கேட்டது.

“மூணு வருசம் ஆச்சுலே. எல்லாம் மண்ணோட மண்ணாப் போயிருக்கும்.”

“பிளாஸ்டிக் சுத்திப் போட்டிருக்கு மொதலாளி.”

“ஒன்ன யாரு சுத்தச் சொன்னா?”

முதலாளி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“வெளிய தெரிஞ்சா கம்பெனிக்கு சீல் வைப்பான். எரநூறு குடும்பம். நெனச்சுப் பாத்துக்க.” முதலாளி குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணும் ஆகாதுலே. நாளைக்கு எம் மகளும்தான் அங்கன நிக்கப்போறா. அப்படி ஒண்ணுன்னா நான் விடுவேனா? போ. போயி நிம்மதியாப் படு.”

அந்தக் கடைசிப் பேச்சுதான் சங்கிலிமுத்துவைத் திருப்பி அனுப்பியது. பெற்ற மகளையே நிறுத்துகிறார், லைசென்ஸ் வைத்திருக்கிற மனுஷனுக்கு நம்மைவிடத் தெரியாதா என்று சைக்கிளை மிதித்து மிதித்து மனதுக்குள் திடப்படுத்திக்கொண்டார். ஆனைக்குட்டம் பக்கமிருந்து வந்த காற்று எதிர்க்காற்றாக இருந்தது.

மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கொடியேற்றினார்கள். பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். பத்து மணிக்குக் கல்லூரி பஸ் வந்தது. சங்கிலிமுத்து வேப்பங்கன்று ஒன்றின் கூண்டைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பையன்கள் இறங்கினார்கள். பெண்பிள்ளைகள் இறங்கினார்கள். பின்பக்கக் கதவைத் திறந்து கடப்பாரை நாலையும் உருவி வெளியே போட்டார்கள். பஸ் காலியாகிவிட்டது.

ரோஷினி வரவில்லை.

கனகசபாபதி கேட்டதற்கு ஒரு மாணவி சொன்னாள். காலையில் பஸ் ஏறப்போகிற நேரத்தில் அவள் அப்பா போன் செய்தாராம். வீட்டுக்கு யாரோ விருந்தாளி வருகிறார்கள், உடனே கிளம்பி வா, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் இன்னொரு நாள் போகலாம் என்றாராம். காரே அனுப்பிவிட்டாராம். ரோஷினிக்கு அழுகையே வந்துவிட்டதாம்.

சங்கிலிமுத்து கூண்டுக் கம்பியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார் என்பது, கையை எடுத்தபோது உள்ளங்கையில் விழுந்திருந்த தடத்தில்தான் தெரிந்தது.

கிழக்குச் சுவர்ப் பக்கம் பிள்ளைகள் வட்டமாகக் கூடிவிட்டார்கள். நடுவில் சினேகா. உயரமான கல்லூரிப் பையன் ஒருவன் கடப்பாரையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் அதைத் தூக்க முடியாமல் தூக்கினாள். பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். “ஏலே, பட்டமரம் குத்துனா பாறையும் பட்டுப்போகும்லே” என்று ஒருத்தன் சொன்னான்.

சங்கிலிமுத்து ஓடவில்லை. மருந்துக்குப் பக்கத்தில் ஓடக்கூடாது என்று பழகிய கால் அப்போதும் நடந்துதான் போனது. நாலு எட்டுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டது. பிள்ளைகளை இரண்டு கையாலும் விலக்கி உள்ளே போய், மகள் தலைக்குமேல் நின்ற கடப்பாரையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார்.

“விட்ரு ஆத்தா. மெல்ல. மெல்ல விடு.”

கடப்பாரை அவர் கைக்கு வந்தது. அதைத் தரையில் போடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகுதான் ஆசிரியரைப் பார்த்தார்.

“சார், பிள்ளைகள எல்லாம் வாசப் பக்கம் அனுப்புங்க. யாரும் ஓட வேண்டாம். மெல்ல நடந்து போகச் சொல்லுங்க. பஸ்காரரு வண்டியத் தள்ளி நிப்பாட்டட்டும். யாரும் பீடி பத்த வைக்க வேண்டாம்.”

பட்டாசுக்காட்டுப் பிள்ளைகளுக்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள்தான் ஒன்றும் விளங்காமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சினேகா மட்டும் நகரவில்லை. கனகசபாபதியும் நகரவில்லை.

“இங்கன கழிவு மருந்து கெடக்கு சார். பதினாலு சாக்கு. ரெண்டாயிரத்து மூணுல நான்தான் கொண்டாந்து பொதச்சேன்.”

ஆசிரியர் கையிலிருந்த நோட்டு அப்படியே நின்றது. யார் சொல்லிப் புதைத்தீர்கள் என்று கேட்டார். சங்கிலிமுத்து வாசல் பக்கம் நின்ற பஸ்ஸைப் பார்த்தார்.

“மொதலாளிதான் மூடச் சொன்னாக. எடம் நான் பாத்தது. நேத்துப் போயி எல்லாத்தையும் சொன்னேன், ஒண்ணும் ஆகாதுன்னாக. இன்னிக்கு அவுக மகள வரவேண்டாம்னு நிப்பாட்டிட்டாக சார். எம் மகள நிப்பாட்ட என்ன விட்டா யாரு இருக்கா?”

சினேகா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் இல்லை அந்தப் பார்வையில். கணக்குப் பாடத்தில் விடை தப்பாக வந்தால் முதல் வரியிலிருந்து திரும்பிப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

“அதுனாலதான் செடி கருகுச்சாப்பா?”

“ஆமாத்தா.”

“அப்ப எங் கை இல்ல.”

“ஒங் கை இல்ல ஆத்தா. ஒங் கைக்கு ஒரு கொறையும் இல்ல.”

அவள் அதோடு போயிருக்கலாம். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“தெனம் வேனுக்கு நிக்கும்போது நான் கொடத்தத் தூக்கிட்டுப் போறதப் பாத்துக்கிட்டுத்தான இருந்தீக. கையெல்லாம் ஆட்டுனீகளே.”

கடப்பாரையை மார்போடு அணைத்தபடி நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குள் போலீஸ் வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது. மறுநாள் வெளியூரிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி, மரத்தட்டும் கையுமாக மூன்று நாள் தோண்டினார்கள். பதினாலில் ஒன்பது சாக்கு கிழிந்து, கசிந்து, சேறாகிக் கிடந்ததாம். ஐந்து மட்டும் கட்டின மேனிக்கு, சுற்றின பிளாஸ்டிக் கசங்காமல் உலர்ந்து இருந்ததாம். அதில் மேலாகக் கிடந்த சாக்குக்கும் தரைக்கும் நடுவில் மூன்றடி இல்லை. அளந்து பார்த்ததில் ஒன்றே முக்கால் அடி. இருபது தடவை போட்ட கணக்கில் முதல் எண்ணே தப்பு என்பதைச் சங்கிலிமுத்து சிறையில் இருந்தபோது வக்கீல் மூலமாகத் தெரிந்துகொண்டார். அன்றைக்கு அக்டோபரில் மண்வெட்டி இன்னும் நாலு விரற்கடை இறங்கியிருந்தால் சாக்கில் பட்டிருக்கும்.

கம்பெனிக்கு சீல் வைத்தார்கள். சங்கரபாண்டியன்மேலும் வழக்குப் பதிவானது. அவர் அன்றைக்கே முன்ஜாமீன் வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். சங்கிலிமுத்து பத்தொன்பது நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். போர்மேன் சர்டிபிகேட் போயிற்று. தெருவில் யாரும் அவரிடம் சண்டைக்கு வரவில்லை, முகம் பார்க்காமல் கடந்து போனார்கள். செல்லத்தாய் மட்டும் ஒரு நாள் குழாயடியில் பொன்மணியிடம், உன் வீட்டுக்காரர் பிள்ளைகளைக் காப்பாற்றினார், வாஸ்தவம்தான், ஆனால் எங்கள் அடுப்பில் அல்லவா தண்ணீர் ஊற்றிவிட்டார் என்று சொன்னாளாம். பொன்மணி குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அவரிடம் அதைச் சொன்னவள், தன் பங்குக்கும் ஒன்று கேட்டாள். என்னைச் சீசன் முகூர்த்தத்துக்குக் கூப்பிடாமல் விட்ட அன்றைக்கு அழுதேனே, அப்போதுகூட வாயைத் திறக்க உங்களுக்கு மனசு வரவில்லையா என்றாள். சினேகா அவரோடு பேசுவதையே நிறுத்தியிருந்தாள். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள். யப்பா என்ற சொல்தான் வீட்டில் கேட்கவில்லை.

பிப்ரவரி கடைசியில் கனகசபாபதி வீடு தேடி வந்தார். நீளவாக்கு நோட்டை விரித்துக் காட்டினார். முப்பத்தாறாம் எண்ணுக்கு நேரே ‘பராமரிப்புக் குறைவு’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் அடித்து, ‘மாணவி காரணம் அல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். காலை வணக்கக் கூட்டத்திலும் அதை வாசித்துவிட்டாராம். இடம் என்ற கட்டத்தில் கிழக்குச் சுவரை அடித்துவிட்டு, மேற்கு வாசல் என்று எழுதியிருந்தார். வரிசை கெட்டால் கெட்டுவிட்டுப் போகிறது என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு சினேகா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். சங்கிலிமுத்துவுக்கு ஏற வேன் இல்லை. பத்தடி இடைவெளி விட்டுப் பின்னால் நடந்தார். அவள் முதல் இடத்தில் குடத்தை இறக்கியபோது கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. மூச்சு வாங்கிவிட்டுத் தானே தூக்கினாள்.

மேற்கு வாசல் ஓரம் புதுக் குழி வெட்டி, வண்டல் நிரப்பி, புங்கங்கன்றை வைத்திருந்தார்கள். தகரப் பலகையில் பெயர் பளிச்சென்று இருந்தது. சினேகா குடத்தைக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஊற்றவில்லை. திரும்பி அவரைப் பார்த்தாள். ஒரு மாதம் கழித்து இப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“இங்கன ஒண்ணும் இல்லையே?”

“இல்ல ஆத்தா. சத்தியமா இங்கன ஒண்ணும் இல்ல.”

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், செருப்புக் காலோடு முன்னால் போய், குழிக் கரையில் ஏறி, வண்டல் மண்ணில் அழுத்தி மிதித்து நின்றார்.

அதன்பிறகுதான் சினேகா குடத்தைச் சாய்த்தாள்.